வாஷ்பேசின் பைப்பில் லைட்சேபர்: பாதி பிளேடு எரிந்ததும் அணைந்துவிடுகிறது

வைகைக்கரை (சனி, இரவு 10:40)

எல்லாருக்கும் வணக்கம். மூணு மாசமா மாடி அறையில ஒரு லைட்சேபர் செஞ்சுட்டு இருக்கேன். 1977-ல வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்துல நாயகன் லூக் கையில இருக்குமே, அந்த நீல ஒளி வாள். ஏன் ஆரம்பிச்சேன்னு முதல்ல சொல்லிடறேன், அது தெரியாம நான் எங்கே சிக்கியிருக்கேன்னு புரியாது.

அக்கா மகளும் நானும் சேர்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். அவளுக்கு 11 வயசு. பாதியில நிறுத்தச் சொல்லிட்டு, "மாமா, வாள் இப்படி எரியுது, அவங்க முகத்துல ஏன் வெளிச்சமே விழல?" அப்படின்னு கேட்டா. இத்தனை தடவை பார்த்திருக்கேன், எனக்கு அது தோணவே இல்ல. தேடிப் படிச்ச பிறகுதான் புரிஞ்சது. அப்போ நடிகர்கள் கையில இருந்தது வெறும் குச்சி. ராத்திரியில வண்டி விளக்கு பட்டா ரோட்டுப் பலகை மின்னுமே, அந்த மாதிரி வந்த வழியே ஒளியைத் திருப்பி அனுப்புற பொருளை அதுமேல ஒட்டி, மோட்டார்ல சுத்த விட்டு எடுத்திருக்காங்க. அந்த மினுக்கம் போதாம, ஒவ்வொரு ஃபிரேமா கையால ஒளியை வரைஞ்சு சேர்த்தாங்க. வரைஞ்ச வெளிச்சம் முகத்துல எப்படி விழும்? 2015-ல வந்த ஏழாவது படத்துலதான் செட்லயே எரியற பிளேடை நடிகர்கள் கையில கொடுத்தாங்க. பனிக்காட்டுச் சண்டையில முகத்துல நீலமும் சிவப்பும் மாறி மாறி விழறது அதனாலதான்.

எனக்கு வேண்டியது அந்த வெளிச்சம். கைப்பிடி 1977 மாதிரி இருக்கணும், பிளேடு 2015 மாதிரி எரியணும்.

வாஷ்பேசினுக்குக் கீழே வருமே குரோம் பூசின பித்தளை வேஸ்ட் பைப், 32 மி.மீ., அதுதான் கைப்பிடி. பிளேடுக்கு 1 அங்குல பாலிகார்பனேட் குழாய், 90 செ.மீ. உள்ளே மீட்டருக்கு 144 எல்இடி இருக்கற, ஒவ்வொண்ணையும் தனியா எரிக்க முடியற டபிள்யூஎஸ்2812பி பட்டை ரெண்டு, முதுகோட முதுகு ஒட்டினது. ரெண்டு பக்கமும் சேர்த்து 260 எல்இடி. அதை ஓட்ட இஎஸ்பி32 போர்டு, குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி. 18650 அளவு லித்தியம் செல் ஒண்ணு.

இப்போ சிக்கல். பட்டனை அழுத்தினா பிடியிலிருந்து நுனிப் பக்கம் ஒளி அழகா ஏறுது. ஒண்ணே முக்கால் அடி போனதும் பட்டுன்னு மொத்தமும் அணைஞ்சுடுது. செல்லைக் கழட்டி மாட்டினா மறுபடி அதே இடம் வரைக்கும் ஏறுது, அணையுது. போர்டுல ஓடற புரோகிராம் கோடை நாலு தடவை மாத்தி எழுதிட்டேன். யாராவது வழி சொல்லுங்க.

ரிச்சிதெரு நடை (சனி, இரவு 11:15)

செல்லுக்கும் பட்டைக்கும் நடுவுல என்ன இருக்கு ப்ரோ? அதைச் சொல்லவே இல்லையே.

வைகைக்கரை (சனி, இரவு 11:22)

டிபி4056 சார்ஜிங் மாட்யூல். பாதுகாப்பு சிப் உள்ள வகை. அதோட அவுட்லேர்ந்து நேரா பட்டைக்குப் போகுது. போர்டுக்கு மட்டும் தனியா, செல் வோல்ட்டை 5-ஆ ஏத்திக் கொடுக்கற ஒரு பூஸ்ட் மாட்யூல்.

பழைய ரேடியோ (ஞாயிறு, காலை 6:05)

தம்பி, கோடில் ஒரு தப்பும் இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த எல்இடி ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று உண்டு. ஒவ்வொரு நிறமும் உச்சத்தில் ஏறக்குறைய 20 மில்லி ஆம்பியர் எடுக்கும். நீங்கள் நீலம் மட்டும் எரிக்கிறீர்கள். 260 எல்இடி என்றால் 5.2 ஆம்பியர். வெள்ளை எரித்தால் அதைப்போல் மூன்று மடங்கு, பதினைந்தைத் தாண்டும்.

உங்கள் மாட்யூலில் இருக்கும் பாதுகாப்பு சிப் சுமார் 3 ஆம்பியரில் துண்டித்துவிடும். அதன் வேலையே அதுதான். 3 ஆம்பியருக்கு எத்தனை எல்இடி? 150. பக்கத்துக்கு 75. மீட்டருக்கு 144 இருக்கும் பட்டையில் 75 எல்இடியின் நீளம் 52 செ.மீ. நீங்கள் சொன்ன ஒன்றே முக்கால் அடி அதுவே. இவ்வளவு சரியாக அளந்து எழுதியிருந்ததால்தான் காலையில் காபி குடிப்பதற்குள் சொல்ல முடிந்தது. பழுது கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் இப்படி அளந்துகொண்டு வந்தால் பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

அந்த மாட்யூலைச் சார்ஜ் ஏற்ற மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டைக்குப் போகும் மின்சாரத்துக்கு 10 ஆம்பியர் தாங்கும் ஒரு-செல் பிஎம்எஸ் (செல்லைக் காக்கும் சின்ன போர்டு) தனியாகப் போடுங்கள். பிளஸ் கம்பியில் ஒரு 7.5 ஆம்பியர் ஃபியூஸ், பைக்கில் வரும் சின்ன வகையே போதும். உலோகப் பைப்புக்குள் வேலை செய்கிறீர்கள், ஃபியூஸ் இல்லாமல் மூடவே மூடாதீர்கள்.

செல் எங்கே வாங்கினது? எடை எவ்வளவு?

வைகைக்கரை (ஞாயிறு, காலை 7:30)

அண்ணாச்சி, கோடி நன்றி. மூணு நாள் ராத்திரி இதோட மல்லுக்கட்டினேன்.

செல் ஆன்லைன்ல வாங்கினது, மேலே 9900 எம்ஏஎச்னு போட்டிருக்கு. வீட்டுத் தராசுல 31 கிராம் காட்டுது.

பழைய ரேடியோ (ஞாயிறு, காலை 7:41)

தூர வையுங்கள் தம்பி. 18650 அளவில் 9900 என்று ஒன்று கிடையாது. நல்ல செல்லே 3500 பக்கம்தான் வரும், எடையும் 45 கிராம் பக்கம் இருக்கும். எடை குறைந்தால் உள்ளே சரக்கு குறைவு என்று பொருள். நேர்மையாக 2500 அல்லது 3000 என்று அச்சடித்து, தொடர்ந்து 10 ஆம்பியருக்கு மேல் கொடுக்கக்கூடியதாக வாங்குங்கள். பழைய லேப்டாப் பேட்டரியில் பிரித்த செல்லும் இதற்கு வேண்டாம், அவை அவ்வளவு மின்னோட்டத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல.

அசல்பிரதி (ஞாயிறு, காலை 11:10)

ஒரு கருத்து, தவறா எடுத்துக்க வேண்டாம். எலக்ட்ரானிக்ஸ்ல இவ்வளவு உழைக்கிறீங்க, கைப்பிடியை வாஷ்பேசின் பைப்ல செஞ்சா அது பிரதின்னு ஆகுமா? அசல் கைப்பிடி கிராஃப்லெக்ஸ் கேமரா ஃபிளாஷ். அளவு பிசகாம அலுமினியத்துல கடைஞ்ச கூடுகள் வெளிநாட்டுல கிடைக்குது. நான் இரண்டு வருஷம் காசு சேர்த்து ஒண்ணு வாங்கினேன். கையில பிடிச்சா அதோட எடையே வேற.

வைகைக்கரை (ஞாயிறு, மதியம் 2:50)

தவறா எடுத்துக்கவே இல்ல. உங்ககிட்ட இருக்கறதை ஒரு தடவையாவது கையில வாங்கிப் பார்க்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா இதுல எனக்கு அழுத்தமான ஒரு எண்ணம் இருக்கு, சொல்லிடறேன்.

அந்தப் படத்துல செட் அலங்காரம் செஞ்சவர் ராஜர் கிறிஸ்டியன். கையில பணம் குறைவு. லண்டன்ல ஒரு புகைப்படக் கடையில, பழைய பத்திரிகைப் புகைப்படக்காரங்க பயன்படுத்தின மூணு பேட்டரி ஃபிளாஷ் கைப்பிடிகள் ஒரு பெட்டியில கிடந்ததைப் பார்த்திருக்கார். அதுமேல டி வடிவப் பட்டைகளை ஒட்டினார். பட்டன் இருக்கற இடத்துல மினுமினுன்னு ஒரு குமிழ்ப் பட்டை தெரியும் பாருங்க, அது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கால்குலேட்டர்ல எண்களைப் பெருசாக் காட்ட வெச்சிருந்த லென்ஸ். லூக்கோட குரு ஓபி-வான் வாள் இன்னும் விசேஷம். ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் என்ஜினோட ஒரு குழாய், முதல் உலகப் போர்ல துப்பாக்கியில வெச்சு வீசின கையெறிகுண்டோட ஒரு பாகம், அடியில குளியலறைக் குழாயோட திருகு. ஆமா, அர்மிடேஜ் ஷேங்க்ஸ் குழாய்த் திருகு. அந்தப் படத்தோட கலை இயக்கக் குழுவுக்கு 1978-ல ஆஸ்கர் கிடைச்சது, ராஜர் கிறிஸ்டியனும் அதுல ஒருத்தர்.

அவங்க ஊர்ப் பழைய சாமான்லேர்ந்து அவங்க செஞ்சாங்க. எங்க ஊர் ஹார்டுவேர் கடையில கிடைக்கறதுலேர்ந்து நான் செய்யறேன். அளவுல அசலா இருக்கறது ஒரு வகை, செஞ்ச விதத்துல அசலா இருக்கறது இன்னொரு வகை. நான் ரெண்டாவதைப் பிடிச்சிருக்கேன். டி பட்டைக்கு அலுமினிய ஜன்னல் கண்ணாடியைப் பிடிச்சு நிக்கற ரப்பர் பீடிங் வாங்கினேன், மீட்டர் கணக்குல வெட்டிக் கொடுத்தார். ஏழு துண்டு. தூரத்துலேர்ந்து பார்த்தா வித்தியாசம் தெரியாது. கிட்டத்துல பார்த்தா தெரியும், அதை மறைக்கப் போறதும் இல்ல.

அசல்பிரதி (ஞாயிறு, மாலை 4:05)

குழாய்த் திருகு விஷயம் எனக்குத் தெரியும், ஆனா இந்தக் கோணத்துல யோசிச்சதில்ல. படம் போடுங்க, பார்க்கணும். ஏழு பட்டை சரிதான், இடைவெளி சமமா வரணும்னா பைப்பைச் சுத்தி ஒரு காகிதத்தை ஒட்டி, பிரிச்சு, ஏழா மடிச்சுக் குறிச்சுட்டு மறுபடி சுத்துங்க.

லேத்துப்பட்டறை (ஞாயிறு, இரவு 8:20)

வைகைக்கரை அவர்களே, பைப்பில் பட்டனுக்கு ஓட்டை போட்டாச்சா? போடவில்லை என்றால் ஒரு நிமிடம்.

வேஸ்ட் பைப் மிக மெல்லிசு. டிரில்லை நேராக வைத்தால் வழுக்கும், குரோம் உரியும், பைப் நெளியும். உள்ளே பைப்பின் அளவுக்கு ஒரு மரக்கட்டையை இறுக்கமாகத் தட்டி ஏற்றுங்கள். மேலே காகித டேப் இரண்டு சுற்று. பஞ்சால் ஒரு புள்ளி. முதலில் 3 மி.மீ. பிட், அப்புறம் படிப்படியாகப் பெரியது. மெதுவாக ஓட்டுங்கள்.

இதைவிட முக்கியம், ஓட்டையின் உள்பக்கம். டிரில் போட்டதும் பிசிறு உள்பக்கமாகத்தான் நிற்கும், விரலை விட்டால் கிழிக்கும். வயர் உறையையும் அப்படியே கிழிக்கும். கிழித்தால் செல்லும் பைப்பும் நேராகச் சந்திக்கும், பைப் உங்கள் கையில் இருக்கும். உருண்டை அரத்தால் தேய்த்து, பஞ்சு வைத்துத் துடைத்துப் பாருங்கள். பஞ்சு நூல் ஒட்டாத வரை தேயுங்கள். எங்கள் பட்டறையில் இதுதான் சோதனை.

திருச்சி ஃபேன் (ஞாயிறு, இரவு 9:02)

பாலிகார்பனேட் குழாய் இங்கே கிடைக்கவே மாட்டேங்குது. டியூப்லைட்டும் 1 அங்குலம்தானே, பழைய எல்இடி டியூப்லைட் கவரைப் போடலாமா?

ஸ்கார்பரோ தம்பி (ஞாயிறு, இரவு 11:48)

வணக்கம், நான் டொரன்டோவில இருக்கிறன். எனக்கு இது ரெண்டாவது வாள்.

திருச்சி அண்ணா, நீங்கள் சொல்லுறது சரி. டி8 எண்டால் எட்டில் எட்டு அங்குலம், அதாவது ஒரு அங்குலம். ஆனா கவனம். கன டியூப்லைட் கண்ணாடியில வரும், மேல பிளாஸ்டிக் மாதிரித்தான் தெரியும். மற்றது பாதி அலுமினியம், பாதி பிளாஸ்டிக். சுவரில நிக்கிறதுக்குச் செய்த சாமான் வீசுறதுக்குத் தாங்காது. பிள்ளைகள் கையில குடுக்கிறதெண்டால் கண்ணாடி வேண்டவே வேண்டாம். அக்ரிலிக்கும் வேண்டாம், அடிபட்டால் கூர்க் கூராய் உடையும். பாலிகார்பனேட் வளையும், உடையிறது குறைவு. கொஞ்சம் பொறுத்து அதையே வாங்குங்கோ.

வைகைக்கரை அண்ணா, உங்கட பிளேட்டில எல்இடி புள்ளி புள்ளியாய்த் தெரியுதா? எனக்கு முதல் வாளில அப்பிடித்தான் தெரிஞ்சது. ஃபோன், கண்ணாடிச் சாமான் பொதி செய்யிற வெள்ளை மெல்லிய ஃபோம் தாள் இருக்குதல்லோ, அதைப் பட்டையைச் சுத்தி ஒரே ஒரு சுத்து சுத்தி உள்ள விடுங்கோ. ரெண்டு சுத்து வேண்டாம், வெளிச்சம் செத்துப் போகும். குழாயின்ர உள்பக்கத்தை பாத்திரம் தேய்க்கிற பச்சை நார்த் துண்டால, ஒரு தடியில கட்டி, நீளவாக்கில தேய்ச்சு விட்டால் இன்னும் வடிவா வரும். வட்டமாய்த் தேய்க்க வேண்டாம், வளையம் வளையமாய்க் கோடு தெரியும்.

இன்னொண்டு. நுனியில நீலம் மங்கலாய் இருந்தால் பட்டையின்ர செம்புத் தடம் மெல்லிசு எண்டு அர்த்தம். நுனிக்கு எண்டு தனியா ஒரு சோடி வயர் கொண்டுபோய் அங்கயும் கரண்ட் குடுங்கோ.

வாளால வாளில அடிச்சு விளையாடுறதெண்டால் இந்த முறையே சரிவராது, ஈயம் வைச்ச இடங்கள் விடும். அதுக்கு பிடிக்குள்ள ஒரேயொரு பெரிய எல்இடி வைச்சு, வெறுங்குழாய்க்குள்ள வெளிச்சம் அடிக்கிறதுதான் நல்லது. நுனி கொஞ்சம் மங்கும், ஏறி இறங்குற அழகும் வராது. ஆனா எவ்வளவு அடிச்சாலும் தாங்கும்.

வைகைக்கரை (திங்கள், இரவு 9:30)

தம்பி, ஃபோம் தாள் வேலை செஞ்சுடுச்சு! புதுசா வந்த ஃபோன் டப்பாவுல இருந்ததையே எடுத்துச் சுத்தினேன். புள்ளிகள் எல்லாம் கரைஞ்சு ஒரே தண்டா எரியுது. புது செல்லும் பிஎம்எஸ்ஸும் போட்டாச்சு. முழு 90 செ.மீ.யும் ஏறிடுச்சு. நான் மட்டும் தனியா மாடியில நின்னு ஒரு பத்து தடவை ஏத்தி இறக்கினேன்.

லேத்துப்பட்டறை அண்ணன் சொன்ன பஞ்சுச் சோதனையும் செஞ்சேன். முதல் தடவை பஞ்சு முழுக்க மாட்டிக்கிட்டு நின்னது. நாலாவது தடவைதான் சுத்தமா வந்தது.

இப்போ வேற ஒண்ணு. செல்லுல நல்லா எரியற அதே பிளேடு, மேசையில 5 வோல்ட் அடாப்டர்ல போட்டா கிறுக்குப் பிடிச்ச மாதிரி மின்னுது. சம்பந்தமில்லாத பச்சை, வெள்ளை எல்லாம் வருது. அடாப்டர் 10 ஆம்பியர். அதிக வோல்ட் கொடுத்தா இன்னும் நல்லாத்தானே எரியணும்?

பௌதிகம் டீச்சர் (செவ்வாய், மாலை 5:15)

நல்ல கேள்வி. வோல்ட் கூடியதுதான் காரணம்.

இந்த எல்இடிக்குள் இருக்கும் சிப், டேட்டா கம்பியில் வருவது "ஒன்று"தான் என்று ஏற்க ஒரு வரம்பு வைத்திருக்கிறது. தனக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தில் 0.7 பங்கு. 5 வோல்ட் கொடுத்தால் வரம்பு 3.5. இஎஸ்பி32 அனுப்புவதோ 3.3. ஆகவே சில சமயம் ஏற்கும், சில சமயம் ஏற்காது. ஒரு பிட் பிசகினால் அதற்குப் பின்னால் உள்ள நிறமெல்லாம் குழம்பும். செல்லில் ஓடும்போது 3.7 வோல்ட், வரம்பு 2.6-க்குள் வந்துவிடும். முழுச் சார்ஜில் 4.2 இருந்தாலும் 2.94 தான். 3.3 அதற்கு மேலே இருப்பதால் சிக்கல் இல்லை.

மேசையில் சோதிக்கும்போதும் செல்லையே பயன்படுத்துங்கள், அல்லது 3.3-ஐ 5 ஆக்கும் லெவல் ஷிஃப்டர் சிப் ஒன்று வையுங்கள். டேட்டா கம்பியில் 470 ஓம் ரெசிஸ்டர், பட்டையின் தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், இரண்டும் இருக்கின்றனவா?

ஒளி ஏறும் வேகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு எல்இடிக்கு 24 பிட், பிட்டுக்கு 1.25 மைக்ரோ வினாடி, ஆக 30 மைக்ரோ வினாடி. 130 எல்இடிக்கு ஒரு முறை அனுப்ப 3.9 மில்லி வினாடி. (உங்கள் இரண்டு பட்டைகளும் ஒரே டேட்டா கம்பியில் இருப்பதால் 260 அல்ல, 130.) ஒவ்வொன்றாக ஏற்றினால் 130 முறை அனுப்ப வேண்டும், அரை வினாடி ஆகும். உங்கள் ஒலிக்கோப்பு அதைவிடச் சின்னது என்றால் இரண்டிரண்டாக ஏற்றுங்கள், கால் வினாடியில் முடிந்துவிடும்.

வைகைக்கரை (செவ்வாய், இரவு 8:00)

டீச்சர், ரெசிஸ்டர் இருக்கு, கெப்பாசிட்டர் இல்ல. நாளைக்கே போடறேன். அந்த 0.7 கணக்கை நோட்டுல எழுதி வெச்சுட்டேன்.

ஒலிக்கு வர்றேன். டிஎஃப்பிளேயர் மினின்னு ஒலிக்கோப்பு ஓட்டற ஒரு சின்ன மாட்யூல் போட்டிருந்தேன். ரீங்காரம் ஓடிட்டே இருக்கணும், வீசினா அதுமேல வீச்சு ஒலி வரணும். ஆனா வீச்சு ஒலி போட்டதும் ரீங்காரம் நின்னுடுது, முடிஞ்சு திரும்பி வரும்போது ஒரு சின்ன மௌனம். அந்த மௌனம் எல்லாத்தையும் கெடுத்துடுது.

ஒலிக்கூடம் (செவ்வாய், இரவு 10:35)

அந்த மாட்யூல் ஒரு நேரத்தில் ஒரு கோப்புதான் வாசிக்கும். அதை விட்டுவிடுங்கள். மேக்ஸ்98357ஏ என்று சின்ன டிஜிட்டல் ஆம்ப் போர்டு இருக்கிறது, இஎஸ்பி32-இல் நேராகக் கோக்கலாம். கலப்பதைக் கோடிலேயே செய்யுங்கள். ரீங்காரம் எப்போதும் ஓடட்டும். வீச்சு ஒலியும் எப்போதும் ஓடட்டும், அதன் சத்தத்தை மட்டும் பூஜ்யத்தில் வையுங்கள். கை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அந்த அளவுக்கு வீச்சை ஏற்றி ரீங்காரத்தை இறக்குங்கள். எதையும் நிறுத்தித் தொடங்காதபோது மௌனம் வர இடமே இல்லை.

சுழலும் வேகத்தை அளக்க வைத்திருப்பது எம்பியூ6050 சென்சார் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். தொடக்க நிலையில் அது வினாடிக்கு 250 டிகிரி வரைதான் அளக்கும். சாதாரணமாக மணிக்கட்டைத் திருப்பினாலே அதைத் தாண்டிவிடும். 2000-க்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மெதுவாக வீசினாலும் வேகமாக வீசினாலும் ஒரே ஒலி வரும்.

ஒலியை எங்கிருந்து எடுக்கிறீர்கள்? இணையத்தில் கிடைப்பதைப் போடாமல் நீங்களே பதிவு செய்யுங்கள் என்பேன். அந்த ரீங்காரமும் தற்செயலாகப் பிறந்ததுதான். அந்தப் படத்துக்கு ஒலி அமைத்த பென் பர்ட், கல்லூரியில் படம் ஓட்டும் வேலை பார்த்தபோது புரொஜெக்டர் மோட்டார் சும்மா ஓடும் முனகலைக் கேட்டிருக்கிறார். அதோடு, ஒயர் உறை கிழிந்த ஒரு மைக் டிவிப் பெட்டியின் பின்னால் போனபோது பிடித்த இரைச்சலையும் சேர்த்தார். வீச்சு ஒலிக்கு அவர் செய்தது இன்னும் எளிது. அந்த ரீங்காரத்தை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதன் முன்னால் மைக்கை வீசினார். ஆம்புலன்ஸ் நம்மைக் கடக்கும்போது ஒலி மாறுகிறதே, அதே டாப்ளர் விளைவு. வீட்டில் மோட்டார் இல்லாமலா இருக்கும்?

வைகைக்கரை (வியாழன், இரவு 9:50)

ஒலிக்கூடம் சார், நேத்து சாயங்காலம் நடந்ததை எழுதியே ஆகணும்.

ஃபிரிட்ஜ் பார்த்தோம், மிக்ஸி பார்த்தோம், தண்ணி மோட்டார் பார்த்தோம். மிக்ஸி வெறும் அலறல். கடைசியில கிரைண்டர். அம்மா உளுந்து போட்டு ஆட்டும்போது கல் உரசற சத்தம்தான் முன்னாடி நிக்குது. மாவை வழிச்ச பிறகு, கல்லைத் தூக்கி வெளியே வெச்சுட்டு வெறுமனே ஓடவிட்டோம். ஃபோனை அடிப்பாகத்துல மோட்டார் பக்கமா ஒட்டி வெச்சு, ரெண்டு நிமிஷம் யாரும் மூச்சு விடாம நின்னோம். கேட்டுப் பார்த்தா, கீழ்ஸ்தாயில ஒரு "ம்ம்ம்", அதுமேல மெல்லிசா ஒரு நடுக்கம். பாப்பா என் கையைப் பிடிச்சு இழுத்து "இதுதான் மாமா, இதுதான்"னு சொன்னா.

ஆனா படத்தோட ஒலியைவிடக் கொஞ்சம் தடிமனா இருந்தது. நம்ம ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பர்ட் பதிவு செஞ்ச அமெரிக்காவுல 60. அந்த விகிதத்துலயே ஏத்திப் பார்க்கலாம்னு 1.2 மடங்கு, சுமாரா மூணு அரைஸ்வரம் ஏத்தினேன். என் காதுக்கு இப்போ சரியா உட்காருது. அப்புறம் அதை ஸ்பீக்கர்ல ஓடவிட்டு, காலர் மைக்கை ஒயரோட பிடிச்சு அவளே வீசினா. 40 வீச்சு பதிவு செஞ்சோம், ஆறு தேறிச்சு.

லூப் திரும்பற இடத்துல மட்டும் ஒரு "டக்" கேக்குது.

ஒலிக்கூடம் (வியாழன், இரவு 10:20)

கிரைண்டர்! படிக்கும்போதே கேட்கிறது. அந்த "டக்" வெட்டிய இடத்தின் பிழை. அலை கீழிருந்து மேலே போகும்போது பூஜ்யக் கோட்டைத் தொடும் புள்ளியில் தொடக்கத்தை வெட்டுங்கள், முடிவையும் அதேபோன்ற புள்ளியில் வெட்டுங்கள். போய்விடும்.

திருச்சி ஃபேன் (வியாழன், இரவு 11:05)

இதையே நாலஞ்சு செஞ்சு வித்தா என்ன?

அசல்பிரதி (வெள்ளி, காலை 8:15)

விக்கறதுன்னா வேற கதை, பேரும் உருவமும் உரிமைக்காரங்களோடது. படத்துல வர்ற ஸ்டார்ம்ட்ரூப்பர் வீரர்களோட தலைக்கவசத்தை விற்ற ஒருத்தர் மேல, படம் எடுத்த லூகாஸ்ஃபிலிம் போட்ட வழக்கு பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 2011-ல தீர்ப்பானது. அந்தக் கவசம் சிற்பம் ஆகாதுன்னு அங்கே அவர் பக்கம் சொன்னாங்க. ஆனா அமெரிக்க உரிமையை மீறினதுக்கு அவரை பிரிட்டன்லயே விசாரிக்கலாம்னும் அதே தீர்ப்பு சொல்லுச்சு. வீட்டுக்குச் செய்யுங்க, யார் கேட்டாலும் எப்படின்னு சொல்லிக் கொடுங்க. அதோட நிறுத்திக்கறது நல்லது.

வைகைக்கரை (சனி, காலை 8:40)

ஒரு பயம். நேத்து ராத்திரி 9 மணிக்கு வாளை அணைச்சு அலமாரியில வெச்சேன். காலையில எட்டரைக்கு எடுத்தா உயிரே இல்ல. செல்லை அளந்தா 2.1 வோல்ட். அணைச்சுதானே வெச்சேன்? பிஎம்எஸ் ஏன் தடுக்கல? இப்போ சார்ஜ் போடலாமா?

பழைய ரேடியோ (சனி, காலை 8:52)

போடாதீர்கள். முதலில் செல்லைக் கழற்றிச் சிமெண்டுத் தரையில் தனியாக வையுங்கள். அவ்வளவு கீழே போன லித்தியம் செல்லை மறுபடி ஏற்றினால் உள்ளே செம்பு படிந்து ஷார்ட் ஆகலாம். முன்னூறு, நானூறு ரூபாயை நினைத்து மனம் கேட்காது, எனக்கும் தெரியும். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். குழந்தை பிடிக்கும் சாமான்.

பிஎம்எஸ்ஸில் பூஸ்ட் மாட்யூலை எங்கே கோத்தீர்கள்? நேராகச் செல்லில் கோத்திருந்தால் பிஎம்எஸ் துண்டித்த பிறகும் அது உறிஞ்சிக்கொண்டே இருந்திருக்கும்.

வைகைக்கரை (சனி, காலை 9:01)

ஆமா அண்ணாச்சி. நேரா செல்லுல. ஆனா போர்டு தூக்கத்துலதான் இருந்தது, அது அவ்வளவு குடிக்காதே.

பௌதிகம் டீச்சர் (சனி, காலை 9:30)

குடித்தது போர்டு மட்டும் அல்ல. நிறம் பூஜ்யம் என்று அனுப்பினால் எல்இடி எரியாது, ஆனால் அதற்குள் இருக்கும் சிப் விழித்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லி ஆம்பியர் பக்கம் எடுக்கும். 260 சேர்ந்தால் கால் ஆம்பியருக்கு மேல். உங்கள் செல் 3000 எம்ஏஎச், 3000-ஐ 260-ஆல் வகுத்தால் பதினொன்றரை மணி நேரம். இரவு 9 முதல் காலை 8:30 வரை எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

பட்டையின் மைனஸ் கம்பியில் ஒரு மாஸ்ஃபெட் (சுவிட்ச் போல வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) வைத்து, அணைக்கும்போது பட்டைக்குப் போகும் மின்சாரத்தையே துண்டிக்க வேண்டும். 3.3 வோல்ட்டில் முழுதாகத் திறக்கும் வகையாகப் பாருங்கள். அதைத் திறந்து மூடும் கால், அதாவது கேட்டிலிருந்து மைனஸுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். துண்டிக்கும் முன் டேட்டா பின்னை இன்புட் ஆக்கிவிடுங்கள், இல்லையென்றால் டேட்டா கம்பி வழியாகவே மின்சாரம் வழி கண்டுபிடித்து ஓடும்.

வைகைக்கரை (சனி, இரவு 7:15)

கடையில மாஸ்ஃபெட்னு கேட்டா ஐஆர்எஃப்இசட்44 கொடுத்தாங்க. போட்டேன். பிளேடு மங்கலா எரியுது, மாஸ்ஃபெட்டைத் தொட முடியல, கொதிக்குது.

ரிச்சிதெரு நடை (சனி, இரவு 7:40)

அது 10 வோல்ட் கொடுத்தாதான் முழுசா திறக்கும் ப்ரோ, 3.3-க்குப் பாதிக் கதவுதான். ஏஓ3400 ரெண்டு வாங்கி இணையா போடுங்க. அரிசி சைஸ்ல இருக்கும், சின்ன போர்டுல ஒட்டினதாவே கிடைக்குது. கடையில பேரைச் சொல்லாம "மூணு வோல்ட் கேட்"னு சொல்லிக் கேளுங்க, அவங்களே எடுத்துத் தருவாங்க.

வைகைக்கரை (அடுத்த ஞாயிறு, காலை 7:05)

ஒரு வாரம் எழுதல, மன்னிக்கணும். ஏஓ3400 ரெண்டு போட்டாச்சு. பூஸ்ட் மாட்யூல் இப்போ பிஎம்எஸ்ஸுக்கு அந்தப் பக்கம். செல்லுக்குப் பக்கத்துல ஒரு சின்ன சாவி சுவிட்சும் வெச்சிருக்கேன், பிடியோட அடியில குடம் மாதிரி ஒரு மூடி இருக்கே, அதைத் திருகித் திறந்தாத்தான் கைக்கு எட்டும். சார்ஜ் வெளியே எடுத்துத்தான் போடறது.

நேத்து ராத்திரி அக்கா வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். கூடத்து விளக்கை அணைச்சுட்டு அவ கையில கொடுத்தேன். ஏத்தினதும் வீசுவான்னு நினைச்சேன். வீசல. நேரா நிமிர்த்திப் பிடிச்சுட்டு, ஷோகேஸ் கண்ணாடி முன்னாடி போய் நின்னா. நெத்தி, மூக்கு, கன்னம் எல்லாம் நீலம். மூக்கோட நிழல் ஒரு கன்னத்துல விழுந்துச்சு. வாளை மெதுவா இடம் வலமா நகர்த்தி, அந்த நிழல் தாண்டிப் போறதையே பார்த்துட்டு இருந்தா. அக்கா ஃபோன்ல படம் எடுத்தாங்க. அதுல பிளேடோட நடுப்பகுதி வெள்ளையா, ஓரம் மட்டும் நீலமா விழுந்திருக்கு, படத்துல வர்ற மாதிரியே. நான் நீலத்தை மட்டும் முழு அளவுல எரியவிட்டிருந்ததால கேமராவுல கறுப்புப் பட்டையும் ஓடல.

வாளைச் சாவி போடாம, பட்டன்ல மட்டும் அணைச்சு அவ மேசையிலயே வெச்சுட்டு வந்தேன், வேணும்னுதான். வெக்கும்போது அளந்தது 4.15 வோல்ட். இன்னிக்குக் காலையில அக்காகிட்ட மீட்டரைப் பிடிக்கச் சொல்லி ஃபோன்லயே பார்த்தேன். 4.12.

பழைய ரேடியோ (அடுத்த ஞாயிறு, காலை 7:20)

சரியான அளவு தம்பி. இருந்தாலும் சாவியையும் போடச் சொல்லுங்கள்.